குடிகாரக் காட்டிலிருந்து வந்த பிரிமணை

பாரீஸ் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி இட்லிப் பொடியை விட்டுவிட்டார், வடகத்தை விட்டுவிட்டார், மூன்று கிலோ துவரம்பருப்பையும் விட்டுவிட்டார். தாளிப்புக் கரண்டியை மட்டும் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளமான காம்பு, நுனியில் குழிந்த கனத்த இரும்பு. இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். சமையலின் கடைசி அரை நிமிடத்துக்கு என்றேன். அரை நிமிட வேலைக்காக ஒருவன் அரைக் கிலோ இரும்பைக் கடல் தாண்டித் தூக்கி வருவானா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். கடைசியில் தோளைக் குலுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சில நாட்களில் நடந்ததைப் பார்த்தால், அந்த நல்ல மனிதர் அதைப் பறிமுதல் செய்திருக்கலாம்.

அதே பெட்டியின் அடியில், என் சட்டைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியில் இருந்த ஒரே ஆபத்தான பொருள் அதுதான்.

என் மகள் அபி பாரீஸில் மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பாரீஸிலும் மரங்கள் உண்டு. ஆனால் அவளுக்கு வேண்டிய மரம் கனடாவின் வடகோடியில், நிலம் ஆண்டு முழுக்க உறைந்து கிடக்கும் இடத்தில்தான் இருக்கிறதாம். போன ஆகஸ்டில் அங்கே போனாள். ஒரு மரம் அவள் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. தகடு வைத்து, கட்டுப் போட்டு, பாரீஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு விசா கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் அக்டோபர் ஆகிவிட்டது.

நான் திருத்துறைப்பூண்டியில் மின்சாரத் துறையில் உதவிப் பொறியாளர். அந்தச் செய்தி வந்தபோது துணைமின் நிலையத்தில் நின்றிருந்தேன். அன்று முதல் ஃபோன் மணி அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். அதனால் மணியை அணைத்து வைத்தேன். அணைத்து வைத்த பிறகு, அடித்திருக்குமோ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்க்கிறேன். முன்னேற்றம் என்றால் இதுதான்.

கிளம்பும்போது என் மனைவி தெளிவாகச் சொல்லி அனுப்பினாள்: "ஒண்ணு அவளோட வாங்க. இல்ல, அவ கையெழுத்தோட வாங்க. ரெண்டும் இல்லாம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க." கையெழுத்து அந்தப் படிவத்துக்கு. ஊரிலிருந்து இருபது கிலோமீட்டரில் ஒரு கல்லூரி. தாவரவியல் விரிவுரையாளர் வேலை. என் பள்ளித் தோழன் அங்கே நிர்வாகத்தில் இருக்கிறான். படிவம் முழுக்க நானே நிரப்பிவிட்டேன். அவள் ஒரு கோடு கிழித்தால் போதும். கல்லூரி வளாகத்தில் மொத்தம் ஒன்பது மரங்கள். எல்லாம் நேராக நிற்கின்றன. போய் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் ரயில் திரான்சி என்ற புறநகர் நிலையத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்மணி மிக இனிமையான பிரெஞ்சில் ஏதோ சொன்னார். வரவேற்புரை என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள். பிறகு விளக்குகள் அணைந்தன. சிக்கனமான நாடு என்று மெச்சிக்கொண்டேன். வாசலில் ஒருவர் ஃபோனில் பேசியபடி நின்றார்.

"ஓம், ஓம், இஞ்சை திரான்சியிலை இறக்கிவிட்டிட்டாங்கள். ட்ரெயின் பழுதாம். நீ சோத்தை மூடி வை."

என்னைப் பார்த்ததும் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். "அண்ணை, இனி இது போகாது. இறங்குங்கோ."

நான் தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறியள் எல்லோ," என்றார்.

அவரே என்னைப் பேருந்தில் ஏற்றி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் இறக்கிவிட்டு, சோறு ஆறுமுன் திரும்பிப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ராணி அக்கா என்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணியின் வீட்டில் அபி ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். லிஃப்ட் கிடையாது. கால் உடைந்தவளை மூன்றாம் மாடியில் வைப்பதில் ஒரு நன்மை இருக்கிறது: எங்கும் ஓடிப்போக மாட்டாள். ராணி அக்கா தெருமுனை மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். அவர் கணவர் உணவகமொன்றில் சமையல்காரர். நான் இருந்த ஒன்பது நாளில் அவரை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் தூங்கிக்கொண்டிருந்தார்.

அபி கதவைத் திறந்தாள். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். ஆகஸ்டில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். ஆகஸ்டில் நான் பார்த்தது ஃபோன் திரையில்தான், இருந்தாலும் மெலிந்திருந்தாள். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "மாடிப்படி ரொம்ப வழுக்குது, பாத்து நட," என்றேன். மாடிப்படியில் ஏறி வந்தது நான்.

"வாங்கோ அண்ணை, களைச்சுப் போனியள்," என்று ராணி அக்கா தண்ணீர் கொடுத்தார். பிறகு வீட்டுச் சட்டங்களை வாசித்தார். சட்டங்கள் இரண்டே. "தாளிக்கேக்கை ஜன்னலைத் திறவுங்கோ, இல்லாட்டிப் புகைக்கு அலாம் அடிக்கும். மற்றது, இந்த மேசை புதுசு. சூடான சாமான் ஒண்டும் மேசையிலை வையாதேங்கோ."

இரண்டையும் மனதில் எழுதிக்கொண்டேன். இரண்டாவது சட்டத்தை நான் எவ்வளவு உண்மையாகக் கடைப்பிடித்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் வந்தன. சொதி என்பது குழம்பாக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பாதி வழியில் மனம் மாறிய தேங்காய்ப்பால். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அபியின் வேலை எனக்குக் காட்டப்பட்டது. அவளால் ஆய்வகத்துக்குப் போக முடியாததால் ஆய்வகம் மூன்றாம் மாடிக்கு வந்திருந்தது: ஓர் அட்டைப்பெட்டி நிறைய வட்ட வட்டமான மரத்துண்டுகள், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கணினி. ராணி அக்காவின் புது மேசையில் துணி விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள். மரத்தைக் குறுக்கே அறுத்து எடுத்த வில்லைகள் அவை. ஒவ்வொன்றும் டபரா அளவுதான்.

"இவ்ளோ சின்ன மரமா உன் காலை ஒடிச்சுது?" என்றேன்.

"இதுக்கு நூத்தி நாப்பது வயசுப்பா. குளிர்ல வளராது. உசரம் மட்டும் போகும்."

"ஏன் விழணும்?"

அவள் ஆசிரியை ஆனாள். என் படிவத்துக்கு நல்ல சகுனம் என்று நினைத்துக் கேட்டேன். "அங்க கோடையில மேல் மண்ணு ஒரு முழங்கால் ஆழம்தான் உருகும். அதுக்குக் கீழ ஐஸும் மண்ணும் சேந்து கல்லு மாதிரி கெடக்கும். வேர் உள்ள போக முடியாது. தட்டு மாதிரி பக்கவாட்டுல பரவிக்கும். கீழ இருக்கற ஐஸ் கெட்டியா இருக்கற வரைக்கும் மரம் நிக்கும். இப்ப சூடு ஏற ஏற அந்த ஐஸ் உருகுது. ஐஸ் இருந்த எடம் பள்ளமாயிடுது. ஒரு பக்கம் மண்ணு எறங்குனா மரம் அந்தப் பக்கம் சாயுது."

"ஐஸ்ல அஸ்திவாரம் போட்ட கான்ட்ராக்டர் யாரு?"

"சிரிக்காதீங்கப்பா. ஆயிரக்கணக்கான வருஷமா நின்ன அஸ்திவாரம் அது."

அப்படிக் கண்டபடி சாய்ந்து நிற்கும் மரக்கூட்டத்துக்கு விஞ்ஞானிகள் 'குடிகாரக் காடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படம் காட்டினாள். எங்கள் ஊர் மதுக்கடை வாசல் மாலை ஆறு மணிக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, ஒருவர் தரையைப் பார்த்து, ஒருவர் வானத்தோடு வாதாடிக்கொண்டு. ஒரே வித்தியாசம், இந்த மரங்கள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குடித்தது வேறு யாரோ. பெட்ரோலும் நிலக்கரியும் குடித்துவிட்டு ஏசி அறையில் நேராக உட்கார்ந்திருக்கும் நம்மை யாரும் குடிகாரர் என்று சொல்வதில்லை. மின்சாரம் விற்றுச் சம்பளம் வாங்குகிறவன் இதற்குமேல் இந்தப் பேச்சை வளர்க்கக் கூடாது.

சாய்ந்த கம்பத்தைப் பற்றி எனக்கு இருபத்தாறு வருட அனுபவம் உண்டு. டெல்டா மண் மழையில் குழைந்தால் கம்பம் நேராக நிற்க விரும்பாது. கம்பம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் ஸ்டே கம்பி கட்டி இழுத்து நிறுத்துவோம். இவர்கள் சாய்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, பூதக்கண்ணாடியோடு அதன் அடியில் போய் உட்காருகிறார்கள்.

"மரத்துக்குக் கீழ போகுமுன்ன..." என்று ஆரம்பித்தேன்.

"ஆரம்பிச்சுட்டீங்களா," என்றாள். நிறுத்திக்கொண்டேன். படிவம் பெட்டியிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் வெளியே போனேன். லா ஷப்பல் தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. புடவைக் கடைகளில் பொம்மைகள் குளிரில் நின்றன. மீன் ரோல்ஸ் ஒன்று வாங்கித் தின்றேன். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு முழ நீள ரொட்டியை வெள்ளைக்காரர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் லைன்மேன்கள் மரக்கிளையைத் தள்ளக் கொண்டுபோகும் தடி போல இருந்தது. ஒன்று வாங்கிக் கடித்துப் பார்த்தேன், ருசியும் ஏறக்குறைய அதுதான். பிள்ளையார் கோயில் இருக்கும் ரூ பஜோல் என்ற தெருவுக்குப் போகவேண்டும் என்று மெட்ரோவில் ஏறினேன். ஏறவே வேண்டியதில்லை, நடந்தால் ஐந்து நிமிடம் என்று மூன்று நிலையம் தாண்டியபின் ஓர் இளம்பெண் சொன்னாள். எதிர்த்திசையில் போயிருக்கிறேன். அவளுடைய அம்மா தமிழில் எனக்கு வழி சொன்னார். அவள் பிரெஞ்சில் அம்மாவைத் திருத்தினாள். இரண்டையும் நம்பாமல் நடந்தே திரும்பினேன்.

பிள்ளையாரிடம் கையெழுத்தைக் கேட்டேன். அவர் எதற்கும் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

நான்காம் நாள்தான் அது நடந்தது. கீழே எங்கோ ஒரு லாரியின் பின்கதவு தடாலென்று விழுந்தது. நான் அபியின் அறைக்கு ஓடினேன். அவள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா?" என்றாள். "ஒண்ணுமில்ல, சாம்பாருக்குப் புளி எங்கன்னு கேக்க வந்தேன்," என்றேன். கேட்டுவிட்டதால் சாம்பார் வைக்கவேண்டியதாயிற்று.

சாம்பார் நன்றாகவே வந்தது. ஜன்னலைத் திறந்தேன், முதல் சட்டம். கரண்டியை அடுப்பில் காயவைத்து நல்லெண்ணெய், கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. சடசடவென்று பொரிந்ததும் சாம்பாரில் கொட்டினேன். இப்போது கையில் பழுக்கக் காய்ந்த இரும்பு. தொட்டி நிறையப் பாத்திரம். அடுப்பில் சாம்பார். மேசையில் வைக்கக் கூடாது, இரண்டாம் சட்டம். எங்கள் வீட்டில் பிரிமணை இருக்கும், வைக்கோலைச் சுற்றித் திரித்த வளையம், பானையோ கரண்டியோ அதன்மேல் வைக்கலாம். சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல் ஓரமாக வட்டமாக, இரண்டு விரல் தடிமனில், பட்டுப்போல இழைத்த ஒரு மரப்பலகை இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் எதையும் நேர்த்தியாகச் செய்கிறவர்கள் என்று பாராட்டிக்கொண்டே கரண்டியை அதன்மேல் வைத்தேன்.

'ஸ்ஸ்' என்றது. நல்ல வாசனை ஒன்று எழுந்தது. பெருங்காயம் இந்த முறை ஒசத்தி என்று நினைத்தேன். பிறகு புகை எழுந்தது. பிறகு அலாரம் அடித்தது. ராணி அக்காவின் கணவர் தூக்கத்திலேயே பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"சொன்னனான் எல்லோ அண்ணை," என்று ராணி அக்கா ஒரு துண்டை எடுத்து அலாரத்துக்கு விசிறினார். அபி ஊன்றுகோலில் வந்தாள். கரண்டியைத் தூக்கினாள். வில்லையின் முகத்தில் கறுப்பாக ஒரு முழு நிலா. சுற்றிலும் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை மேடம் வராங்க," என்றாள். மேடம் என்றால் அவளுடைய பேராசிரியை. "இதத்தான் காட்டணும். இத அளந்து முடிச்சாத்தான் அடுத்த ஜூன் டீம்ல என் பேர் வரும். காயறதுக்காக ஜன்னல்கிட்ட வச்சேன்."

"அரை நிமிஷம்தான் வச்சேன்மா."

"இது எந்த மரம் தெரியுமா?"

அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் சொல்லட்டும் என்று நின்றேன்.

"என்மேல விழுந்தது."

அந்த மரத்துக்குத்தான் சூடு போட்டிருக்கிறேன் என்று முன்பே தெரிந்திருந்தால் கரண்டியை இன்னும் ஐந்து நிமிடம் வைத்திருப்பேன்.

பிறகு, இதுவரை ஃபோனில் சொல்லாத மிச்சத்தைச் சொன்னாள். பாசி மெத்தை போன்ற தரை. பக்கத்து மரத்தை அளக்கப் போனாள். கால் வைத்த இடம் உள்ளே இறங்கியது, கீழே ஐஸ் கரைந்து வெற்றிடம். அவள் கால் சேற்றில் சிக்கியது. ஏற்கெனவே சாய்ந்திருந்த இந்த மரம், வேர்த்தட்டு பிய்ந்து மெதுவாக வந்து அந்தக் கால்மேல் படுத்தது. கூட இருந்த பையன் ரம்பம் எடுக்க முகாமுக்கு ஓடிப்போய் வர முக்கால் மணி நேரம். அதுவரை பனிக்கட்டிச் சேற்றில் படுத்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவன் வந்து அறுக்க ஆரம்பித்ததும், "எனக்கு ஒரு வில்லை வேணும், நேரா அறு," என்றாளாம்.

இது யார் வளர்ப்பு என்று அன்று ஃபோனில் என் மனைவி கேட்டாள். ராணி அக்கா சாம்பாரை ருசிபார்த்துவிட்டு, "கருகின மரம் கருகினதுதான், பிள்ளை. மறுபக்கம் இருக்கெல்லோ," என்றார்.

மறுபக்கம் இருந்தது. ஆனால் ரம்பம் அறுத்த சொரசொரப்போடு. அதை இழைத்து, வளையம் தெளிவாகத் தெரியும்வரை தேய்க்கவேண்டும். ஆய்வகத்தில் அதற்கு இயந்திரம் உண்டு. மூன்றாம் மாடியில் நான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, தெருவில் இரும்புச் சாமான் கடையொன்றில் உப்புத்தாள் கேட்டேன். கடைக்காரரும் யாழ்ப்பாணத்தவர். விரலால் தேய்த்துக் காட்டியதும் புரிந்துகொண்டார்.

"என்னத்துக்கு அண்ணை, கதவுக்கோ?"

"இல்லைங்க. ஒரு மரம். நூத்தி நாப்பது வயசு."

"அப்ப பழைய கதவு," என்று முடிவு செய்து, சொரசொரப்பானதிலிருந்து பட்டுப்போன்றது வரை ஐந்து தாள் கொடுத்தார். "முதல் தாளிலை அவசரப்பட்டால் கடைசித் தாளிலை அழுவியள்," என்று எச்சரித்தும் அனுப்பினார்.

புது மேசையில் தூசு விழக்கூடாது. துணி போதவில்லை. என் பெட்டியில் கைவிட்டேன், கையில் வந்த கெட்டித் தாளை விரித்தேன், அதன்மேல் வில்லையை வைத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். என்ன தாள் என்று எனக்குத் தெரியும். உறையிலிருந்து நான்தானே எடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, தடிமனாக இருந்தது, வேறு தாளும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிவத்தை இன்னொன்று அச்சிடலாம். மரத்தை முடியாது. அப்போது இவ்வளவுதான் யோசித்தேன்.

இரண்டு பகல் தேய்த்தேன். முதல் தாளில் கோடுகள் போயின. இரண்டாவதில் நிறம் வந்தது. மூன்றாவதில் வளையங்கள் எழும்பின, முடி போல மெல்லியவை. நான் தேய்த்தேன். எதிரே காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு அவள் பார்த்தாள். இப்படி நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அவள் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அப்போதும் நான்தான் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது தாள் முடிந்ததும் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். நடுப்புள்ளி நடுவில் இல்லை, ஓர் ஓரமாகத் தள்ளி இருந்தது. உள்ளே வெகுதூரம் வளையங்கள் ஒழுங்காக, ஒரே சீராகச் சுற்றின. பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் பழுப்பாக, பிறை போல ஒரு பட்டை.

"அந்த வருஷம் அந்தப் பக்கம் மண்ணு எறங்கியிருக்கு," என்றாள். "சாஞ்ச பக்கத்துல இந்த மாதிரி கெட்டியான மரத்த வளத்து, தன்னையே மேல தள்ளும். பாருங்க, கொஞ்ச வருஷத்துல பட்டை காணாமப்போகுது. நிமிந்துடுச்சு."

"யாரும் ஸ்டே கம்பி கட்டலையா?"

"யாரும் இல்ல. அதுவேதான்."

அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு பிறை. மறுபடி நிமிர்ந்திருக்கிறது. வெளிவளையங்களுக்கு வர வரப் பிறைகள் நெருங்கின, திசை மாறி மாறி, ஒன்று முடியுமுன் அடுத்தது. நிமிர நேரம் கொடுக்காமல் தரை இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து மரம் விழுந்தால் அதன் நிழலும் போய்விடும், வெயில் நேராகப் பாசிமேல் விழும், இன்னும் ஆழமாக உருகும் என்றாள். ஒன்றின் வீழ்ச்சி அடுத்ததற்கு அழைப்பிதழ். எங்கள் ஊரில் புயலுக்குப் பிறகு ஒரு கம்பம் விழுந்து கம்பியோடு அடுத்த ஏழு கம்பங்களை இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெளியிலிருந்து உள்ளே இருபத்தாறு வளையம் எண்ணினேன். அபி பிறந்த வருடம். அந்த வருடம் மரம் நேராகத்தான் நின்றிருக்கிறது. அவள் பள்ளியில் சேர்ந்த வருடமும் பரவாயில்லை. கல்லூரிக்குப் போன வருடத்தில் பிறை கறுத்திருந்தது. கடைசி வளையம் பாதியில் நின்றது.

"இது ஏன் அரைகுறை?"

"வளர்ற பருவம் முடியலயே. நடுவுல விழுந்துடுச்சு."

கண்ணாடியை மேசையில் வைத்தேன். ஒரு மரம் தன் கணக்கில் எழுதி முடிக்காமல் விட்ட நாளில் என் பெண் அதற்குக் கீழே படுத்திருந்தாள். கண்ணில் தூசு என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். தூசு நிறையவே இருந்தது, பொய் இல்லை.

வியாழக்கிழமை மேடம் வந்தார். என் வயது இருக்கும். மழைக்கோட்டோடு மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினார். எனக்கு அங்கேயே மரியாதை வந்துவிட்டது. ராணி அக்கா தேநீரும் வடையும் வைத்தார். மேடம் வடையின் ஓட்டையைச் சிறிது நேரம் ஆராய்ந்தார், பிறகு வில்லையை ஆராய்ந்தார். கணினியில் அபி அளந்து வைத்திருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். வில்லையைத் திருப்பியதும் கறுப்பு நிலா தெரிந்தது. என்ன என்று கேட்டார். அபி என்னைப் பார்த்தாள்.

"தீ," என்றேன் ஆங்கிலத்தில். "சமையல் வகையைச் சேர்ந்தது."

அவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு வில்லையை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார். "ஜூனில் திரும்பவும் வரவேண்டும் என்கிறாள். அதற்குள் எலும்பு கூடிவிடும் என்கிறார் மருத்துவர். அழைத்துப்போகலாமா என்று எனக்கே தயக்கம். நீங்கள் தகப்பன். என்ன நினைக்கிறீர்கள்?"

என் வாழ்க்கையில் இவ்வளவு வசதியாக யாரும் வாய்ப்புக் கொடுத்ததில்லை. ஒரே சொல் போதும். விமானத்தில் பத்து மணி நேரம் ஒத்திகை பார்த்த பேச்சு வேறு இருந்தது. அபி குனிந்து கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். "கால் வைக்குமுன் தரையை யார் சோதிக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

மேடம் புரியாமல் பார்த்தார்.

எங்கள் வேலையில் கம்பத்தில் ஏறுமுன் அடியைத் தட்டிப் பார்க்கவேண்டும், தள்ளிப் பார்க்கவேண்டும், கடப்பாரையால் மண்ணைக் குத்திப் பார்க்கவேண்டும், எதிர்ப்பக்கம் கயிறு கட்டவேண்டும், கீழே ஓர் ஆள் நிற்கவேண்டும் என்றேன். புயலுக்குப் பிறகு ஒருநாள், ஊரே இருட்டில் கிடந்த அவசரத்தில், நான் அதைச் சொல்லாமல் விட்டேன், கம்பம் ஆளோடு சாய்ந்தது. லைன்மேன் ராஜேந்திரன் இன்றும் நொண்டித்தான் நடக்கிறார், என்னைப் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்கிறார் என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டில்கூட அதிகம் சொன்னதில்லை.

"எங்களிடம் இரும்புக் கம்பி இருக்கிறது," என்றார் மேடம். "மண்ணில் குத்தி, எவ்வளவு ஆழம் உருகியிருக்கிறது என்று அளப்போம்."

"எப்போது?"

"மரத்தை அடைந்த பிறகு."

"மரத்தை அடைவதற்கு முன்பு," என்றேன். "ஒவ்வோர் அடிக்கும். முதலில் கம்பி, பிறகு கால். சாய்ந்த பக்கம் யாரும் போகக் கூடாது. எதிர்ப்பக்கம் கயிறு. ரம்பம் முகாமில் இருக்கக் கூடாது, ஆளோடு இருக்கவேண்டும்."

அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். கம்பி எவ்வளவு நீளம் என்று கேட்டேன். ஒன்றரை மீட்டர் என்றார். குறைந்தது இரண்டு மீட்டர் வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடித்து நோட்டை மூடிய சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. போகக் கூடாது என்று சொல்ல எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவன், எப்படிப் போகவேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறேன்.

மேடம் கதவுவரை போய்த் திரும்பினார். "பட்டியலில் அவள் பெயரை எழுதுகிறேன்," என்றார். என் அனுமதி கிடைத்துவிட்டது என்பதுபோல எனக்குக் கைகொடுத்தார்.

"நீங்க வேணாம்னு சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன்ப்பா," என்றாள் அபி, அவர் படியிறங்கியதும்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் மேசையைச் சுத்தம் செய்தாள். தூசு நிறைந்த தாளைக் குப்பையில் கொட்ட எடுத்தவள் நின்றாள். "இதுல என் பேர் இருக்கு."

"தூசு பிடிக்க வச்சேன்."

தூசைக் கொட்டிவிட்டுத் திருப்பி, முழுவதும் படித்தாள். என் கையெழுத்தில் அவள் பிறந்த தேதி, அவள் படிப்பு, அவள் முகவரி. கீழே காலியாக ஒரு கோடு.

"இந்தக் காலேஜ்ல எத்தன மரம் இருக்கு?"

"ஒம்போது."

"சாஞ்சிருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அங்க எனக்கு என்னப்பா வேலை?" என்று, தாளை நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

வில்லை ஆய்வகத்துக்குத் திரும்பிப் போனது. கடுகை எடுக்கவேண்டாம் என்று மேடம் சொல்லியனுப்பினாராம். வடகோடிக் காட்டின் மரங்களைச் சேர்த்துவைக்கும் ஓர் அலமாரியில் இன்று ஒரே ஒரு மரம் மட்டும் பெருங்காய வாசனை அடிக்கிறது. எதிர்காலத்தில் யாராவது அதை ஆராய்ந்து, ஒரு காலத்தில் அங்கே தமிழர்கள் வாழ்ந்தார்கள் என்று நிறுவக்கூடும்.

தாளிப்புக் கரண்டியை அபியிடமே விட்டுவிட்டேன். கிளம்பும்போது ராணி அக்கா என் பெட்டியில் கயிற்றை இறுக்கிக் கட்டித் தந்தார். "பிள்ளையை நான் பாப்பன், பயப்பிடாதேங்கோ அண்ணை," என்றார். பிறகு யோசித்து, "பயப்பிடத்தான் போறியள்," என்றார்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கையை நீட்டினாள். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தாள். மரத்தூள் அவள் கால்மேல் கொட்டியது. காலிக் கோட்டைப் பார்த்தாள்.

"அவளும் வரல, கையெழுத்தும் வரல. ஒம்போது நாள் அங்க என்னதான் பண்ணீங்க?"

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கரண்டி, வில்லை, முக்கால் மணி நேரம், மேடம், எல்லாம். கடைசியில், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கம்பியைக் குத்திப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

காலில் இருந்த தூளைத் தட்டினாள்.

"கம்பி எவ்ளோ நீளம்?"

"ரெண்டு மீட்டர்."

"மூணா வாங்கச் சொல்லுங்க," என்றுவிட்டு உள்ளே போனாள்.